பாட்டி சிரிக்கிறாள், அம்மா முறைக்கிறாள்!

லண்டன் மாநகரின் வடமேற்குப் பகுதியிலே வெம்ப்ளி என்று ஓர் இடம். கால்பந்து மைதானத்துக்குப் பெயர் போனது. அங்கே 42-ஆம் எண்ணுள்ள வீடு ஒன்று. வீட்டுக்காரர் குமார், இந்தியாவிலிருந்து சென்று குடியேறியவர். பையனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு உள்ளதெல்லாம் ஒரே ஆசைதான்: டெலிவிஷனில் பிரபலஸ்தர்களைப் பேட்டி காணவேண்டும். பெற்ற மனம் கேட்குமா? கொல்லைப்புறத் தோட்டத்தை அழித்துவிட்டு அங்கேயே ஒரு ஸ்டுடியோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள்!

பேட்டிக்கு வருகிற நட்சத்திரம் வாசல் மணியை அடித்து, வீட்டுக்குள் வந்து, குடும்பத்தாரின் உபசாரத்துக்கெல்லாம் ஆளாகி, அப்புறம்தான் கொல்லைப்புறம் போகமுடியும். அங்கேயும் தப்ப முடியாது. அப்பா, அம்மா, பாட்டி மூவரும் ஸோபாவில் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பையன் ஏதோ அறிவார்ந்த கேள்வி ஒன்றைத் தயாரித்து வைத்திருப்பான். அவன் வாயைத் திறப்பதற்குள் அப்பா குறுக்கிடுவார்: பணம் எவ்வளவு கொடுத்தார்கள்? அம்மாவின் கவலை வேறு. வந்திருப்பவள் மணமாகாதவளாக இருந்துவிட்டால், நம் பையனுக்குப் பொருந்துவாளா என்று கண்ணாலேயே அளந்துவிடுவாள். வந்தவர் அழகான ஆண்பிள்ளையாக இருந்தாலோ, பாட்டி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கண் சிமிட்ட ஆரம்பித்துவிடுவாள்.

பி.பி.சி.யின் இரண்டாவது சேனலில் 2001 நவம்பரில் தொடங்கி 2006 வரை நடந்த ‘தி குமார்ஸ் அட் நம்பர் 42’ என்ற ஹாஸ்யத் தொடரின் கதை இது. குடும்பம் கற்பனை, வந்த விருந்தாளிகள் நிஜமான நட்சத்திரங்கள். 2002, 2003 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சர்வதேச எம்மி விருதைத் தட்டிக்கொண்டு போயிற்று.

பையனாக நடித்த திரு. சஞ்சீவ் பாஸ்கர் அதை எழுதியவர்களிலும் ஒருவர். ஒரு சமயம் தம் தோழி ஒருத்தியை வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பெற்றோருக்கு அறிமுகம் செய்து வைத்தாராம். சற்றைக்கெல்லாம் அவளுடைய தகப்பனாரின் சம்பளம் வரை விசாரணை போய்விட்டதாம். தொடருக்கு வித்து அதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். பாட்டியாக நடித்தவர் மீரா சியால். அப்போது அவருக்கு வயது நாற்பது! 2005-இல் இந்தப் பாட்டியும் பேரனும் நிஜ வாழ்க்கையில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது உபரிச் செய்தி.

முடிந்துபோன சீமைத் தொடர் ஒன்றை இப்போது இழுப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். அதற்குப் பின் இதே ரகத்தில் அமெரிக்காவிலும் தொடர்கள் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்பிவிட்டு வீடியோவில் பேரன் முகம் பார்க்கிற வீடுகள் இன்று நம் ஊரில் தெருவுக்கு நாலு இருக்கின்றன. அந்தப் பேரன் எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று தெரிந்துகொள்வது நமக்கு வீண் வேலை அல்ல.

சாயம் பூசிய முகம்

ஒரு காலத்தில் சிரித்தவர்கள் வேறு, சிரிக்கப்பட்டவர்கள் வேறு. 1969-இல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் ‘கறி அண்ட் சிப்ஸ்’ என்று ஒரு தொடர் வந்தது. ஸ்பைக் மில்லிகன் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் பழுப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டு, பாதி ஐரிஷ், பாதி பாகிஸ்தானி ரத்தமுள்ள தொழிலாளியாக வந்தார். ஒருபக்கம் சிரிப்பு, மறுபக்கம் கண்டனம். ஆறே வாரத்தில் கடையைக் கட்டினார்கள்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போய், மறுநாள் காலை சக மாணவர்களின் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்ட குடியேறிகளின் பிள்ளைகள்தாம் வளர்ந்ததும் பேனாவைக் கையில் எடுத்தார்கள். 1996-இல் ரேடியோவிலும் 1998-இல் டெலிவிஷனிலும் வந்த ‘குட்னெஸ் கிரேஷஸ் மீ’ அப்படிப் பிறந்தது. அதில் ஒரு காட்சி இன்றும் பேசப்படுகிறது. பம்பாயில் குடித்துவிட்டு இரவில் ‘இங்கிலீஷ் சாப்பாடு’ சாப்பிடப் போகும் இந்திய வாலிபர் கூட்டம், இருப்பதிலேயே காரமில்லாத பண்டம் எதுவோ அதைக் கொண்டுவா என்று வெள்ளைக்காரப் பரிசாரகனிடம் ஜம்பம் அடிக்கிறது. லண்டன் இந்திய ஹோட்டல்களில் சனிக்கிழமை இரவு நடக்கும் கூத்தைச் சட்டையைக் கழற்றி உள்புறம் வெளியே தெரிய மாட்டினாற்போல் திருப்பிவிட்டார்கள்.

வெள்ளைக்காரனுக்குப் பதில் சொல்லியாயிற்று. அப்புறம் பார்வை வீட்டுக்குள் திரும்பியது. அங்கேதான் விஷயம் ருசிக்கிறது.

எந்த வருஷத்து இந்தியா?

இத்தகைய தொடர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘கிழக்கும் மேற்கும் மோதுகின்றன’ என்று ஒரு வாக்கியத்தைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்த வீடுகளில் அப்பாவும் பிள்ளையும் சண்டை போடும்போது எதிரெதிரே நிற்பவை இரண்டு தேசங்கள் போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் இரண்டு வருஷங்கள் நிற்பது தெரியும்.

கணக்கைப் பாருங்கள். காமன்வெல்த் பிரஜைகள் தடையின்றி பிரிட்டனுக்குள் வரலாம் என்ற நிலைமைக்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் பூட்டைப் போட்டது. பூட்டு விழுமுன் போய்விட வேண்டும் என்று ஓடியவர்கள் ஏராளம். 1972-இல் உகாண்டாவின் இடி அமீன் ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு வைத்து விரட்டியபோது, இருபத்தேழாயிரம் பேருக்கு மேல் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவின் கதை இன்னும் விசித்திரம். 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவுக்கு அந்த நாடு ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் வருஷத்துக்கு நூறு. ஆமாம், நூறே நூறு! 1965-இல் சட்டம் மாறிய பிறகுதான் டாக்டர்களும் எஞ்சினீயர்களும் விமானம் ஏறினார்கள்.

நம் சர்க்காரின் அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடு காரணமாகக் கையில் மூன்று பவுனோடு வந்திறங்கினோம் என்பது அந்தத் தலைமுறை பேரப்பிள்ளைகள் காதில் ஓதி ஓதித் தேய்ந்த கதை. பவுன் மூன்றுதான், ஆனால் கூடவே எடுத்துச் சென்ற இந்தியா முழுசாக இருந்தது. 1962-இன் இந்தியா, அல்லது 1972-இன் இந்தியா. எந்த வயசில் பெண் எப்படி உடுத்தவேண்டும், மாப்பிள்ளை எதிரே எப்படி நிற்கவேண்டும், பெரியவர் பேசும்போது யார் வாய் திறக்கலாம் என்பதெல்லாம் புறப்பட்ட அன்றைய தேதியோடு பெட்டியில் கட்டி எடுத்துச் செல்லப்பட்டன. அதன்பின் ஊர்ச் செய்தி வந்து சேர்ந்த வழி என்ன? நீல நிற ஏர் லெட்டர். யாராவது காலமானால் டிரங்க் கால். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறை. இங்கே ஊர் மாறிக்கொண்டே போயிற்று. அங்கே பெட்டியில் இருந்தது மாறவில்லை. மாறிவிடாமல் காவல் காத்தார்கள்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் பெரியப்பா 1974-இல் அமெரிக்கா போனவர். பல வருஷம் கழித்துச் சென்னைக்கு வந்தார். தம்பி மகள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, “என்னடா, குழந்தையை இப்படி விட்டிருக்கே? தாவணி போடறதில்லையா?” என்று கேட்டார். தம்பி சிரித்தார்: “அண்ணா, தாவணியெல்லாம் இப்போ உங்க ஊர் கோயில்லதான் பார்க்கலாம்!” பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நியூ ஜெர்ஸியில் தாம் இருபது வருஷமாகப் பெண்ணோடு போட்ட சண்டையெல்லாம் எந்த ஊருக்காக என்று அன்று இரவு முழுக்க யோசித்திருப்பார் போலும்.

‘குட்னெஸ் கிரேஷஸ் மீ’யில் இதற்கு இரண்டு நமூனாக்கள் உண்டு. ஓர் அப்பாவுக்கு உலகத்தில் உள்ளதெல்லாம் இந்தியச் சரக்கு. பிரிட்டிஷ் ராஜகுடும்பம்கூட இந்தியக் குடும்பம்தான் என்று சாதிப்பார்; கூட்டுக் குடித்தனமும் குடும்பத் தொழிலும் அவருக்குப் போதுமான அத்தாட்சி. எதிர்த் துருவத்தில் கபூர் தம்பதிகள். தங்கள் பெயர் ‘கூப்பர்’ என்றும், பரம்பரை ஆங்கிலேயர் என்றும் அடித்துச் சொல்வார்கள். ஒருவர் பெட்டியைத் திறக்கவே மாட்டார். மற்றவர் பெட்டியையே தேம்ஸ் நதியில் எறிந்துவிட்டார். இருவருக்கும் பிள்ளைகள் உண்டு என்பதுதான் பரிதாபம்.

இந்த நோய் இந்தியருக்கு மட்டும் உரியதென்று நினைத்தால் பிசகு. குமார் குடும்பத் தொடரின் உரிமையை வாங்கி, 2003-இல் ஆஸ்திரேலியாவில் கிரேக்கக் குடும்பம் ஒன்றை வைத்து எடுத்தார்கள். அமெரிக்காவில் மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பம் ஒன்றை வைத்துத் தயாரித்துப் பார்த்தார்கள். அது ஒளிபரப்பாகவில்லை என்பது வேறு விஷயம். சப்பாத்தியை எடுத்துவிட்டு ஆலிவ் எண்ணெயை வைத்தால் வேலை முடிந்தது! சொந்த ஊரைப் புறப்பட்ட தேதியில் நிறுத்திவைப்பது குடியேறியவர்களுக்கெல்லாம் பொதுச் சொத்து.

நம் வீட்டுப் பெண் தேவி

இனி நம்மவர் கதைக்கு வருவோம். ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ என்ற தொடர் 2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கி 2023 ஜூனில் முடிந்தது. நான்கு பருவங்கள், நாற்பது பாகங்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் ஷெர்மன் ஓக்ஸில் வசிக்கும் தேவி விஸ்வகுமார் என்ற பள்ளி மாணவி கதாநாயகி. (விஸ்வகுமார் என்பது நம் வழக்கப்படி தாத்தாவின் பெயராகத்தான் இருக்கவேண்டும், அமெரிக்கப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைக் கண்டு எத்தனை தாத்தாக்கள் அமரராகியிருக்கிறார்கள்!) தகப்பனார் மோகன் திடீரென்று இறந்துபோகிறார், மகளின் சங்கீதக் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே. தாய் நளினி, சரும டாக்டர். தாயும் மகளும் தனித்தனியே துக்கத்தை விழுங்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள். ஹாஸ்யத் தொடர்தான், ஆனால் அடியில் ஓடுவது இந்தச் சாவு.

தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான மிண்டி கேலிங்கின் தந்தை தமிழர், தாய் வங்காளி. தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த பெண். பெற்றோர் உள்நாட்டுப் போரின் காரணமாக இலங்கையை விட்டுச் சென்ற தமிழர். பொது அழைப்புக்கு வந்து குவிந்த பதினைந்தாயிரம் பேரிலிருந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்க் குடும்பம் என்கிறார்களே, தமிழ் கேட்குமா என்று ஆவலோடு உட்காருகிறவர்களுக்கு ஏமாற்றந்தான். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமே. எனக்கு இது குறையாகத்தான் பட்டது. கோபம் வந்தால் தாய்மொழிக்குத் தாவாத தமிழ்த் தாயார் உண்டோ?

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் பிள்ளையார் பூஜை நடக்கும் பாகம் ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தத் தொடரின் சிறந்த பாகம் என்பது என் அபிப்பிராயம். கூடைப்பந்து ஆடுகிற தரையில் பூஜை. புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி தேவி நெளிகிறாள். குடும்பத்தை எதிர்த்து மணந்து பிறகு விவாகரத்தும் ஆன ஒரு பெண்மணியிடமிருந்து மற்ற மாமிகள் விலகி விலகி நடக்கிறார்கள். முன்பெல்லாம் தேவியோடு சேர்ந்து பூஜையைக் கிண்டல் செய்த ஒரு பையன், காலேஜுக்குப் போய்வந்தபின் பக்தி சிரத்தையாக நிற்கிறான். என்ன ஆயிற்று உனக்கு என்று தேவி விழிக்கிறாள். அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த அறைத் தோழன் தன் இனத்துச் சடங்குகளை எவ்வளவு பெருமையோடு பேசுகிறான் என்பதைக் கண்டபின், தான் மட்டும் ஏன் வெட்கப்படவேண்டும் என்று தோன்றிவிட்டதாம் அவனுக்கு.

நான் மேலே சொன்ன வருஷக் கணக்குக்குச் சாட்சி வேண்டுமென்றால் கமலாவைப் பார்க்கவேண்டும். தேவியின் உறவுக்காரப் பெண். ஆராய்ச்சிப் படிப்புக்காக இந்தியாவிலிருந்து நேரே வந்தவள். யார் கட்டுப்பெட்டியாக இருக்கவேண்டும்? இந்தியாவிலிருந்து வந்தவள் அல்லவா? அவளோ வந்த ஊரில் ரகசியமாக ஒரு காதலனை வைத்திருக்கிறாள்! பெரியவர்கள் பார்த்த மாப்பிள்ளை நல்லவன்தான். ஆனாலும் கடைசியில் தன் இஷ்டப்படியே போகிறாள். அவளுக்குப் புத்தி சொல்கிற நளினிதான் பல வருஷம் அமெரிக்காவில் வாழ்ந்தவள்.

இரண்டு பாட்டிகள்

குமார் வீட்டுப் பாட்டி விருந்தாளியைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறாள். தேவி வீட்டில் நளினியின் மாமியார் நிர்மலா இந்தியாவிலிருந்து வந்து சேர்கிறாள். கடைசிப் பருவத்தில் லென் என்ற வெள்ளைக்காரரைக் கல்யாணமே செய்துகொள்கிறாள். அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளில், இருபது வருஷ இடைவெளியில் எழுதிய இரண்டு தொடர்களிலும் பாட்டிதான் வீட்டிலேயே சுதந்திரமான பிறவி. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டளை போடுகிறவள் அம்மா. ஏன் இப்படி?

சிரிப்புக்காகக் கிழவியைக் குமரியாக்குவது பழைய உத்தி என்று தள்ளிவிடலாம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. பாட்டி ஊரில் முழு வாழ்க்கை வாழ்ந்து முடித்தவள். ‘நீ இந்தியப் பெண்தானா?’ என்று அவளை யாரும் கேட்கமுடியாது. எதை விட்டாலும் அவளுக்கு நஷ்டமில்லை. பெட்டிக்குக் காவல் இருக்கிற உத்தியோகம் நடுவில் உள்ளவளுக்கு. மகள் கெட்டுப்போனால் ஊரார் கேட்கப்போவது அவளை. பூஜையில் மாமிகள் விலகி நடந்தால் அவளைவிட்டு விலகுவார்கள். பகலில் வெள்ளைக்காரர்களோடு சரிக்குச் சரி நின்று சம்பாதித்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து, தான் பதினெட்டு வயதில் வெறுத்த தன் தாயாரின் வேஷத்தைத் தானே கட்டவேண்டும்.

இதை அவள் வாயால் கேட்பது அரிது. இந்தத் தொடர்களை எழுதியவர்கள் எல்லாரும் பிள்ளைகள். பாஸ்கரும் சியாலும் இங்கிலாந்தில் வளர்ந்தவர்கள். கேலிங் அமெரிக்காவில் பிறந்தவர். பிள்ளைக்கு நினைவிருப்பது கதவைச் சாத்திய அம்மா. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அதற்குத் தெரியாது. நளினிக்குச் சில நல்ல காட்சிகளைக் கொடுத்திருக்கிறார்கள். கணவனின் அஸ்தியை மாலிபு கடற்கரையில் கரைக்கும் இடத்தில் கல்நெஞ்சும் கரையும். ஆனால் அம்மாவே எழுதிய ஹாஸ்யத் தொடர் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதிகாரியின் மேஜை

பெட்டியும் பூட்டும் இனி எத்தனை காலம்? இன்று போகிறவர்கள் ஏர் லெட்டருக்குக் காத்திருப்பதில்லை. டாலஸில் இருக்கிற மருமகள், மாம்பலத்தில் மாமியார் அரைக்கிற துவையலை வாட்ஸ்அப்பில் பார்த்தபடியே அரைக்கிறாள். புதுப் படம் இங்கே வருகிற அன்றே அங்கேயும் வருகிறது. 1965-இல் புறப்பட்டவருக்கு நின்ற கடிகாரம் இவர்களுக்கு நிற்காது. ஆகவே அந்தப் பழைய ஹாஸ்யம் மெல்ல வற்றத்தான் போகிறது.

அதற்குப் பதில் வருவது என்ன என்பதற்கு 2024 அக்டோபரில் அமேஸானில் வந்த ‘தி பிரதீப்ஸ் ஆஃப் பிட்ஸ்பர்க்’ ஒரு குறிப்புக் காட்டுகிறது. இந்தியாவிலிருந்து பிட்ஸ்பர்க் நகரில் போய் இறங்கிய குடும்பம். எட்டு பாகங்கள். கதை சொல்லும் இடம் கூடமும் அல்ல, சமையலறையும் அல்ல. குடிவரவு அதிகாரிகளின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, நடந்தது இன்னதென்று அப்பா ஒரு விதமாக, அம்மா ஒரு விதமாக, குழந்தைகள் ஒரு விதமாகச் சொல்கிறார்கள். இருக்கலாமா, திரும்பிப் போகவேண்டுமா என்பது அவர்கள் பதிலைப் பொறுத்தது. குமார் வீட்டு ஸோபாவில் கேள்வி கேட்டது குடும்பம். இங்கே கேள்வி கேட்கப்படுவது குடும்பம்.

சிரிப்புக்காக எழுதியதுதான், ஆனால் எங்கிருந்து வந்ததென்று சொல்லவேண்டியதில்லை. வேலை அடிப்படையிலான நிரந்தர வசிப்புரிமை அட்டையில் எந்த ஒரு நாட்டாருக்கும் ஆண்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது அமெரிக்கச் சட்டம். பெரிய நாடும் ஒன்றுதான், சின்னத் தீவும் ஒன்றுதான். இந்தியர்கள் வரிசையில் வருஷக்கணக்காக நிற்கிறார்கள். 2025 செப்டம்பரில், புதிதாக எச்-1பி விசாவில் ஆள் எடுக்கும் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்டவேண்டும் என்று ஜனாதிபதி டிரம்ப் பிரகடனம் செய்தார். இவற்றைப் பத்திரிகையில் படிக்கிறோம். அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. பெற்றோரின் விசாவில் ஒட்டிக்கொண்டு இரண்டு வயதில் போன குழந்தை, இருபத்தொரு வயது நிரம்பும்போது அந்த ஒட்டுறவை இழந்துவிடுகிறது. பெற்றோர் அதற்குள் வரிசையின் முனையை எட்டியிருக்காவிட்டால், மாணவர் விசாவோ வேறு வழியோ தேடிக்கொள்ளவேண்டும். கிடைக்காவிட்டால், தான் பார்த்தே அறியாத ‘சொந்த ஊரு’க்கு விமானம் ஏறவேண்டியதுதான்.

தேவியின் கதையில் முதல் பருவத்திலேயே நளினி இந்தியாவுக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு கட்டுகிறாள். தேவி வீட்டைத் தலைகீழாக்குகிறாள். அம்மா அதை ஓரளவு எதிர்பார்த்தவள்தான். “ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன், ஜாக்கிரதை!” என்பது அக்கரையில் உள்ள ஒவ்வோர் இந்தியத் தாயும் ஒருமுறையாவது வீசிய அஸ்திரம். அந்த வீட்டில் அது செல்லும். தேவி அமெரிக்காவில் பிறந்தவள், அஸ்திரம் தைக்காது என்று இருவருக்கும் தெரியும். விசா வரிசையில் நிற்கும் வீடுகளில் அம்மாக்கள் இப்போது அந்த வார்த்தையை வாயில் எடுப்பதில்லை.